காஸ்டிங் ஷீட் யார் கைக்கு, எவ்வளவு, எப்படிப் போக வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் யூனிட்டை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 40 மெஷின், நேரடி ஏற்றுமதி கொஞ்சம், பையிங் ஹவுஸ் (பையருக்காக ஆர்டர் கொடுக்கும் இடைநிலை நிறுவனம்) வழியாகக் கொஞ்சம். டெக் பேக் (ஆடையின் முழு டிசைன் விவரம்), காஸ்டிங் ஷீட் (அடக்க விலைக் கணக்கு), பிஓ (பையர் தரும் ஆர்டர் தாள்) எல்லாமே வாட்ஸ்அப்பிலும் கூகுள் டிரைவிலும்தான் போகிறது, வருகிறது. போன சீசனில் நாங்கள் கொடுத்த ரேட், ஆர்டர் முடிவாவதற்குள் இன்னொரு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்களை ஆன்லைனில் அனுப்ப எந்த ஆப் பாதுகாப்பானது?

பதில்:

ஒரு ஆப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதனால் உங்கள் பிரச்சினை தீராது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பதினைந்து வருடமாக இந்த ஊரில் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், மெயில் வேலைகள் பார்த்து வருகிறேன். ரேட் வெளியே போய்விட்டது என்று கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். கிட்டப் போய்ப் பார்த்தால், யாரோ சிஸ்டத்துக்குள் நுழைந்து எடுத்ததாக இருப்பது குறைவு. பெரும்பாலும் நாமே நம் கையால் அனுப்பிய ஃபைலுக்குள் அது உட்கார்ந்திருக்கும்.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் போனுக்கும் பெறுகிறவர் போனுக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி 2016 முதல் எல்லாச் செய்தியும் மறையாக்கம் ஆகித்தான் போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் ஃபைல் பிரிண்டிங் யூனிட் சூப்பர்வைசர் போனில் இறங்கிய பிறகு, அவர் அதை யாருக்கு ஃபார்வர்டு செய்கிறார் என்பதை எந்த மறையாக்கமும் தடுக்காது. அந்த போன் அன்றாடம் எத்தனை பேர் கையில் புழங்குகிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடியே கிடக்கிறதா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவருக்கு இந்த வேலை செய்ய இதில் எவ்வளவு தேவை என்பதுதான்.

ஒரு டெக் பேக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பையர் பெயர், பிராண்ட் லோகோ, சீசன், ஸ்டைல் நம்பர். உள்ளே அளவு சார்ட், ஆர்ட்வொர்க், லேபிள், பேக்கிங் விவரம். சில கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்) வசதிக்காக டார்கெட் பிரைஸையும் அதிலேயே குறித்து வைத்திருப்பார். இப்போது பிரிண்டிங்குக்கு என்ன வேண்டும்? ஆர்ட்வொர்க், நிறத்துக்கான பான்டோன் நம்பர், எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டரில் வர வேண்டும், எத்தனை பீஸ், என்றைக்கு வேண்டும். டையிங்குக்கு ஷேடு, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணி எத்தனை கிராம்), எத்தனை கிலோ. அவ்வளவுதான். ஆனால் நடப்பது என்ன? முழு பிடிஎஃப்பும் அப்படியே குரூப்பில் விழுகிறது. ஜாப் ஒர்க் செய்கிறவரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஐந்தாறு கம்பெனிக்கு வேலை செய்கிறவர், எல்லாருக்கும் ஒரே போன்தான். அவருக்குத் தெரியாத விஷயம் அவர் வழியாக வெளியே போக வாய்ப்பே இல்லை.

ஆகவே ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு பக்கத்தில் தனித் தாள் போடப் பழக்குங்கள். பையர் பெயருக்குப் பதில் உங்கள் உள் குறியீடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் மெர்ச்சண்டைசர்கள் சலித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. டெக் பேக் உங்கள் சொத்தும் இல்லை. பையருடைய டிசைன் அது. ரகசியம் காப்போம் என்று அவர்களோடு கையெழுத்துப் போட்டிருந்தால், வெளியே வராத டிசைன் எங்கிருந்து கசிந்தது என்ற கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

இனி எக்செல். உங்கள் ரேட் கசிந்த கதையில் எனக்கு முதல் சந்தேகமே இதன் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அனுப்பிய கொட்டேஷனுக்கு பையிங் ஹவுஸிலிருந்து பதில் வந்தது: பீஸுக்கு இத்தனை சென்ட் குறையுங்கள். அந்த எண், அவர்கள் வைத்திருந்த மார்ஜினில் சரியாகப் பாதி. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மெயிலை யாராவது ஹேக் செய்துவிட்டார்களா பார் என்றார். அனுப்பிய மெயிலில் இருந்த ஃபைலைத் திறந்தேன். ஒரே ஒரு ஷீட், அழகான கொட்டேஷன். கீழே ஷீட் பெயரின் மேல் வலது கிளிக் செய்து ‘அன்ஹைட்’ கொடுத்தேன். நூல் ரேட், நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டித் தைத்து முடிக்கும் செலவு), வேஸ்டேஜ் சதவீதம், கமிஷன், மார்ஜின் என்று முழுக் காஸ்டிங்கும் வந்து நின்றது. அந்த மெர்ச்சண்டைசர் பையனின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. மறைத்தால் போகாது என்றுதான் அவன் நம்பியிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

இது சின்ன கம்பெனிக்கு மட்டும் நேர்வதில்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஒரு எக்செல் ஃபைலை வெளியிட்டது. அதற்குள் மறைத்து வைத்த ஷீட் ஒன்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பணியில் இருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் அதில் இருந்தன. போலீஸ் வேலை பார்ப்பதை அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கும் ஊர் அது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஒரு வலது கிளிக்கில் கண்டுபிடித்திருக்கலாம்.

ஷீட்டை மறைப்பது ஒரு வழி என்றால், விஷயம் வெளியேற இன்னும் சில வழிகள் இருக்கின்றன. காஸ்டிங் ஷீட்டை அழித்துவிட்டாலும், அதிலிருந்து போட்ட பிவட் டேபிள் (எக்செல் தொகுத்துத் தரும் சுருக்க அட்டவணை) இருந்தால் மூல விவரம் அந்த டேபிளுக்குள்ளேயே தங்கியிருக்கும். எக்செல் சார்ட்டை வேர்டிலோ பவர்பாயின்டிலோ உட்பொதித்து ஒட்டினால் முழு ஒர்க்புக்கும் கூடவே போகும். செல்லில் போட்ட கமென்ட் போகும். ஃபைல் பெயரே சில நேரம் ‘ஃபைனல் ரேட் மார்ஜின் 12’ என்று இருக்கும். ‘ப்ரொடெக்ட் ஷீட்’ என்று போடும் பாஸ்வேர்டு, தெரியாமல் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக இருப்பது. அதை நீக்குவது பெரிய வேலை கிடையாது. ரகசியத்தைக் காக்க அதை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. கொட்டேஷனை எப்போதும் ஒரு புது ஃபைலில், மதிப்பை மட்டும் ஒட்டி உருவாக்குங்கள். காஸ்டிங் ஃபைலை ‘சேவ் ஆஸ்’ செய்து வெட்டிச் சுருக்குவது வேண்டாம். பையர் எக்செல்தான் வேண்டும் என்று கேட்காத வரை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். எக்செல்லாகவே அனுப்ப வேண்டி வந்தால், ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ போய் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஓட்டினால் மறைந்த ஷீட், கமென்ட், எழுதியவர் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று காட்டிவிடும். அனுப்பும் ஃபைலைத்தான் திறந்து பார்க்க வேண்டும், அதன் மூலத்தை இல்லை.

பிடிஎஃப்பிலும் ஒரு குழி இருக்கிறது. எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து மறைப்பார்கள். பெட்டிக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் படித்துவிடலாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் இதுதான் நடந்தது. மறைத்ததாக நினைத்த வரிகளைப் பத்திரிகையாளர்கள் அன்றே படித்துவிட்டார்கள். மறைக்க வேண்டிய வரியை மூல ஃபைலிலேயே அழித்துவிட்டு பிடிஎஃப் எடுங்கள்.

சாம்பிள் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. பீஸை டேபிளில் விரித்து போட்டோ எடுக்கும்போது பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சுவரில் புரொடக்ஷன் போர்டு, அதில் மற்ற பையர்களின் பெயரும் அளவும். ஒரு பையருக்கு அனுப்பிய போட்டோவில் அவருடைய போட்டியாளரின் கார்ட்டன் பாக்ஸ் தெரிந்து சங்கடமானதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூலையில் வெள்ளைத் துணி கட்டி, போட்டோ எல்லாம் அங்கேதான் என்று வைத்துவிடுங்கள்.

கூகுள் டிரைவுக்கு வருவோம். ‘லிங்க் உள்ள எவரும்’ என்ற அமைப்பில் ஷேர் செய்தால், அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் கதவு திறக்கும். அவசரத்தில் நாம் எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறோம், ஏனென்றால் எதிராளியின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுங்கள். முகவரி கொடுத்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரை ஷேர் செய்தால், பிறகு நீங்கள் அதற்குள் போடும் ஒவ்வொரு ஃபைலும் அவர்களுக்கும் தெரியும். ஜனவரியில் ஆர்ட்வொர்க்குக்காக ஷேர் செய்த ஃபோல்டரில் ஜூனில் யாரோ காஸ்டிங்கைப் போட்டுவைப்பார்கள். உங்கள் டிரைவில் இப்படி ஒரு ஃபோல்டராவது இருக்கும் என்று நினைக்கிறேன், தேடிப் பாருங்கள். டவுன்லோடு, பிரிண்ட், காப்பி மூன்றையும் பார்வையாளருக்கு நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் திரையை இன்னொரு போனில் படம் எடுப்பதை அது தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த டிரைவ் யாருடையது என்பதும் முக்கியம். மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலில் கம்பெனி ஃபைல்கள் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் மூன்று வருட ரேட் வரலாறும் அவரோடு போகும். அவர் நல்லவர், கெட்டவர் என்பது இங்கே பேச்சே இல்லை. கம்பெனி டொமைனில் ஆளுக்கொரு மெயில் வாங்குங்கள். ஒரே ஐடியை நான்கு பேர் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஆள் போனால் அவர் கணக்கை மூடி, ஃபைலை அடுத்தவர் பெயருக்கு மாற்றலாம். பையர்களுக்கும் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

மிக முக்கியமான ஃபைலை, உதாரணமாக வருடாந்திர ரேட் ஒப்பந்தத்தை, பாஸ்வேர்டு போட்டு அனுப்ப வேண்டும் என்றால், எக்செல்லிலேயே ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ இருக்கிறது. முன்பு சொன்ன ஷீட் பாதுகாப்பு மாதிரி இல்லை, ஃபைலையே மறையாக்கம் செய்வது இது. பாஸ்வேர்டை அதே மெயிலின் அடுத்த வரியில் எழுதாதீர்கள். போன் செய்து சொல்லுங்கள். உங்கள் பக்கம் ஒரு நோட்டிலும் குறித்து வையுங்கள், ஏனென்றால் மறந்துபோனால் உங்களுக்கும் திறக்காது.

இலவசமாக பிடிஎஃப் மாற்றித் தரும் இணையதளங்கள், ஏஐ கருவிகள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அதில் ஃபைலை ஏற்றும் அந்த நிமிடம், முன்பின் தெரியாத ஒருவருக்கு அதை அனுப்பிவிட்டீர்கள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் தங்கள் மென்பொருள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிய வந்த பிறகு, அந்த மே மாதம் நிறுவனம் தன் கம்ப்யூட்டர், போன்களில் இப்படிப்பட்ட ஏஐ கருவிகளைப் பயன்படுத்தத் தடை போட்டது. உங்கள் ஆட்கள் பையருக்கு மெயில் எழுத ஏஐ பயன்படுத்துவதை நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியவர்களுக்கு அது பெரிய துணை. பையர் பெயரையும் ரேட்டையும் எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் எடுக்க எக்செல்லிலேயே வழி இருக்கிறது.

இதுவரை சொன்னது ரேட் போகும் வழி. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பணமே போகும்.

உங்கள் மெயிலுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று வையுங்கள். அவன் எதையும் அழிக்க மாட்டான், சத்தமே காட்ட மாட்டான். வரும் மெயிலில் ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் இருந்தால் தனக்கும் ஒரு காப்பி வரும்படி ஃபார்வர்டு அமைத்துவிட்டு வாரக்கணக்கில் படிப்பான். எந்த ஷிப்மென்ட் எப்போது போகிறது, யார் எப்படி எழுதுவார்கள், ‘டியர்’ என்று தொடங்குவீர்களா ‘ஹாய்’ என்று தொடங்குவீர்களா என்பது வரை தெரிந்துகொள்வான். பணம் வர வேண்டிய வாரத்தில், உங்கள் டொமைன் மாதிரியே ஒன்றைப் பதிவு செய்வான். ‘எம்’ எழுத்து வரும் இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டிப் போட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது. அதிலிருந்து பையருக்கு மெயில் போகும்: எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை இந்த வங்கிக்கு அனுப்புங்கள். உங்கள் லெட்டர்ஹெட், உங்கள் இன்வாய்ஸ் நம்பர், உங்கள் கையெழுத்து. பையர் அனுப்பிவிடுவார்.

கூகுளும் ஃபேஸ்புக்கும்கூட ஏறக்குறைய இதே வகை மோசடியில் பணத்தை விட்டிருக்கின்றன. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசாஸ்காஸ், அந்த நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுத்துவந்த தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு கம்பெனி தொடங்கி, போலி இன்வாய்ஸ் அனுப்பி 2013க்கும் 2015க்கும் இடையே 10 கோடி டாலருக்கும் மேல் வாங்கினார். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது.

இதற்கு எதிரான நல்ல மருந்து விலை இல்லாதது. ஒவ்வொரு பையருக்கும் இன்றைக்கே ஒரு மெயில் அனுப்பி, புரோஃபார்மா இன்வாய்ஸிலும் (சரக்கு போகும் முன் அனுப்பும் உத்தேச இன்வாய்ஸ்) நிரந்தரமாக அச்சிடுங்கள்: எங்கள் வங்கி விவரம் மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, மாறியதாக மெயில் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். அந்த மெயிலிலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்குப் பேசக் கூடாது. நீங்கள் நூல் மில்லுக்குப் பணம் அனுப்பும்போதும் இதே விதி. அப்புறம் எல்லா மெயில் கணக்கிலும் இரண்டு அடுக்கு உறுதிப்பாட்டை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இயக்குங்கள். மாதம் ஒருமுறை மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டு பகுதியையும் திறந்து, நீங்கள் போடாதது எதுவும் இருக்கிறதா பாருங்கள். நடந்தே விட்டது என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளாதீர்கள். பையர் தன் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம்தான் உங்கள் ஆதாரம். வேலையாட்களிடமும் ஜாப் ஒர்க் யூனிட்களிடமும் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் வாங்குங்கள். ‘வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது’ என்ற வரி 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவால் செல்லாது, அதை எழுதி ஏமாறாதீர்கள். ‘எங்கள் ரேட்டை, டிசைனை வெளியிடக் கூடாது’ என்பதைத் தெளிவாக எழுதலாம். பிரச்சினை வந்தால், அதைக் காக்க நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். எல்லாரும் திறக்கும் லிங்க்கில் போட்டு வைத்ததை ரகசியம் என்று வாதிடுவது கஷ்டம். தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரங்களை இதோடு கலக்காதீர்கள். அவற்றுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பிஎஃப் பார்க்கிறவரைத் தவிர வேறு யார் போனிலும் அவை இருக்கக் கூடாது.

இனி உங்கள் ரேட்டுக்கு என்ன ஆனது? உங்கள் ஆட்களைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஒரு கம்பெனியின் கொட்டேஷனை அடுத்த கம்பெனிக்குக் காட்டி விலையைக் குறைப்பது பேரத்தில் நடப்பதுதான், அது பையர் பக்கத்திலிருந்தே போயிருக்கலாம். அதைத் தடுக்க எந்த ஆப்பும் கிடையாது. பிரிப்புக் கணக்கு கேட்காதவரிடம் எஃப்ஓபி விலையை (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான மொத்த விலை) மட்டும் கொடுங்கள். அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் அனுப்பும் கொட்டேஷனில் கண்ணில் படாத ஒரு சின்ன வித்தியாசம் வையுங்கள்: ஒருவருக்கு விலை 14ஆம் தேதி வரை செல்லும், இன்னொருவருக்கு 15ஆம் தேதி வரை. காப்பி எங்காவது தலைகாட்டினால், யாருடையது என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன், இன்று மாலை ஒரு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, போன சீசனில் அனுப்பிய கொட்டேஷன் ஃபைல்களை ‘சென்ட்’ பகுதியிலிருந்தே இறக்கித் திறங்கள். ஒவ்வொன்றிலும் ஷீட் பெயரின் மேல் வலது கிளிக். ‘அன்ஹைட்’ மங்கலாக இருந்தால் அடுத்த ஃபைலுக்குப் போங்கள். எங்காவது ஒன்றில் அது பளிச்சென்று இருந்தால், அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த மெயில் எந்தெந்த முகவரிக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிசியில் இருப்பவர்களையும் சேர்த்து.